லேனாவின் பெயருக்கு நேரே

மனிடோபா, கனடா
6 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

பிரின்ஸி எழுதுகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பதறிவிடாதீர்கள், எனக்கும் பீட்டருக்கும் ஒன்றுமில்லை. போனில் பேச முடியவில்லை, அதனால்தான். ஒவ்வொரு தடவையும் நீங்கள் "பாப்பா, பாப்பா"ன்னு அழுகிறீர்கள். நான் இந்தப் பக்கம் போனைக் காதில் வைத்தபடி அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

என் மகள் லேனா போய்ப் பதினோரு வாரம். மூளைக்காய்ச்சல். வெள்ளிக்கிழமை தலைவலி என்றாள், திங்கட்கிழமை இல்லை. பதினாறு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிற நான் மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னேன். இதை உங்களிடம் போனில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அடக்கம் எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். சபை ஆட்களே பெட்டி செய்தார்கள். வார்னிஷ் கிடையாது, பூ கிடையாது, மென்னோனைட் சபைகளில் எல்லாம் எளிமைதான். குழிக்குள் இறக்கிய பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக வந்து மண்வெட்டி வாங்கி மண் தள்ளினார்கள். பீட்டரும் தள்ளினார். பிறகு எல்லோரும் காபியும் பன்னும் சாப்பிட்டோம். நானும் இரண்டு பன் சாப்பிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பீட்டர் வீட்டில் ஒரு வம்சப் புத்தகம் உண்டு. பட்டாளத்தில் சேர மாட்டோம் என்று நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு ருஷ்யாவிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அது. ஒருவர் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே நான்கு கட்டம்: பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம். ஜூலையில் குடும்பக் கூட்டம், அதற்குள் புதுப் பதிப்பு வர வேண்டும், ஜூன் முதல் வாரம் அச்சுக்குப் போகிறது. எழுதுகிற பொறுப்பு பீட்டரின் அத்தை அனெட்டாவுக்கு. என் பிறந்த வீட்டு விவரமும் வேண்டுமாம். சபைப் பதிவேட்டைப் பார்த்து எழுதி அனுப்புங்கள்.

லேனாவுக்கு முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது. நடுவில் இரண்டும் காலி. இவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, வளர்ந்து தானாகக் கேட்டால்தான். அது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

பிரின்ஸி


ஆலங்குறிச்சி, சீர்காழி தாலுகா
30 ஜனவரி 2025

பிரின்ஸிக்கு அண்ணன் ஏசடியான் எழுதிக்கொள்வது,

கடிதம் வந்தது. மாத்திரை கொடுத்த வரியை உன் அண்ணி படித்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அசடே, நீ என்ன கண்டாய்? நானாக இருந்தால் தைலம் தேய்த்திருப்பேன். அதையே பிடித்துத் தொங்காதே.

உடனே எழுத முடியவில்லை. அறுப்புக்கு நிற்கிற நேரத்தில் மழை ஊற்றிவிட்டது. சம்பா பூராவும் சாய்ந்து கிடக்கிறது. மிஷின் இறங்கவில்லை, ஆள் விட்டு அறுத்து, நெல்லை ரோட்டில் காயப்போட்டுவிட்டுத்தான் பதிவேட்டுக்காகக் கோயில் பீரோவைத் திறந்தேன்.

அப்பாவின் தாத்தா ஆசீர்வாதம். தரங்கம்பாடியில் ஞானஸ்நானம். ரங்கூனில் அரிசி மில்லில் இருந்தார், யுத்தத்தில் குண்டு போட்டதும் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். போகும்போது ஆறு பேர், வரும்போது மூன்று பேர். உன் மாமியார் வீடுதான் கப்பலேறிய வம்சம் என்று நினைக்காதே, நம்மிலும் உண்டு என்று அந்த அத்தையிடம் சொல். மற்ற பெயர்களும் தேதிகளும் தனித்தாளில். பிறந்த எட்டாம் நாள், பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று எல்லோருக்கும் ஞானஸ்நானத் தேதி இருக்கிறது.

ஒரே ஒரு ஆளுக்கு இல்லை. எனக்கு முன்னால் ஒரு பிள்ளை பிறந்தது உனக்குத் தெரியுமோ என்னவோ. இரண்டு நாள் இருந்தது. அப்பா சைக்கிளில் போய்ப் போதகரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே புதைக்கவிடவில்லை, அந்தக் காலத்து வழக்கம். வேலிக்கு வெளியே வாய்க்கால் கரையில் வைத்தார்கள். உபதேசியாராக இருந்த மனுஷன், தன் பிள்ளையை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு மறு ஞாயிறு பாட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அதனால்தான் உன் விஷயத்தை அவரால் தாங்க முடியவில்லை. பேச வேண்டாம் என்கிறாய், பேசாமல் இருந்து இருந்துதான் இப்படி ஆனோம். கல்யாணத்துக்கு முன்னால் நீ அங்கே மறுபடி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்ட போட்டோவை அப்பா கையில் வைத்துக்கொண்டு, "அப்ப நான் தூக்கிட்டுப் போய்க் குடுத்தது என்னடா?"ன்னு என்னைக் கேட்டார். அதற்கப்புறம் மூன்று வருடம் குடும்ப ஜெபத்தில் உன் பெயர் வரவில்லை.

லேனாவின் கட்டம் காலி என்று முடிவாக எழுதிவிடச் சொல்லாதே. கொஞ்சம் பொறு. காரணம் எழுத எனக்குத் தைரியம் வர வேண்டும்.

ஏசடியான்


மனிடோபா
20 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

என்ன காரணம்? பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்குகிற இந்தப் பழக்கம் உங்களுக்கு இன்னும் போகவில்லை. எனக்கு இப்போது புதிர் போட்டு விளையாடத் தெம்பில்லை. காலையில் எழுகிறேன், வேலைக்குப் போகிறேன், முதியோர் இல்லத்தில் பதினாலு பேரைக் குளிப்பாட்டி உடுத்துகிறேன், வருகிறேன். பனி இடுப்பளவு கிடக்கிறது. அதற்கு மேல் எதையும் தாங்க முடியாது.

நீங்கள் பேச்சை எடுத்ததால் நானும் சொல்கிறேன். அப்பா கொடுத்ததைத் தூக்கி எறியவில்லை. அந்த இல்லத்தில்தான் இந்தச் சபையாரை முதலில் பார்த்தேன். தொண்ணூறு வயதுக் கிழவி ஒருத்தி, தன் பெயரை மறந்துவிட்டாள், பிள்ளைகளை மறந்துவிட்டாள், ஆனால் தன் பத்தொன்பதாவது வயதில் சபை நடுவே எழுந்து நின்று ஞானஸ்நானத்துக்கு "ஆம்" என்று சொன்ன நாளை மட்டும் தினம் எனக்குச் சொல்லுவாள். எனக்கு அப்படி ஒரு நாள் இல்லை என்று தோன்றியது. ஒரு நாள் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். அப்பாவை அவமானப்படுத்துவதற்கு இல்லை.

அதை அப்பா கடைசியில் புரிந்துகொண்டார். பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார் என்று ஏழு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேனே, 2015 ஜூனில். எட்டு நாள் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். ஒன்பதாம் நாள் நான் கஞ்சி கொண்டு போனபோது என் முகத்தைப் பார்த்து வாய் திறந்தார். நான்தான் ஊட்டினேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு கிண்ணம் கஞ்சியை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இங்கே தலை நிமிர்ந்து இருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். போன ஆகஸ்டில் லேனா கேட்டாள், "அம்மா, எனக்கு எப்ப ஞானஸ்நானம்?" என்று. "இன்னும் சின்னப் பிள்ளை நீ. பெரியவளாகி நீயே கேட்கணும்" என்றேன். "இப்ப நான்தானே கேக்குறேன்?" என்றாள். பொறுத்துக்கொள் என்று அனுப்பிவிட்டேன். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் கேட்கிறது. ஆனாலும் அது காலியாகத்தான் இருக்க வேண்டும். அவள் கேட்டது அங்கே இருக்கிறது, நான் மறுத்ததும் அங்கே இருக்கிறது. அதில் வேறு யாரும் கை வைக்க வேண்டாம்.

காரணத்தை எழுதுங்கள்.

பிரின்ஸி


ஆலங்குறிச்சி
10 மார்ச் 2025

பிரின்ஸிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு எழுதாமலே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நான்கு நாள் உளுந்து வயலே கதி என்று கிடந்தேன். முடியவில்லை.

லேனாவுக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. நான் கொடுத்தேன்.

நீ சொல்கிற அந்த ஒன்பதாம் நாள்தான். 2015 ஜூன் 18, வியாழக்கிழமை. பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பு கொதித்தது. நீ மருந்து வாங்க சீர்காழிக்குப் பஸ் ஏறினாய், அண்ணியும் உன் கூட வந்தாள். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். அப்பா கட்டிலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாக்கு புரளவில்லை அவருக்கு. இடது கையால் பிள்ளையைக் காட்டினார், செம்பைக் காட்டினார், நெற்றியைக் காட்டினார். கண்ணில் தண்ணீர் வழிகிறது. வாய்க்கால் பக்கம் கையைக் காட்டி, "வேண்டாம்" என்று தலையாட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆபத்து வேளையில் போதகர் இல்லாவிட்டால் சபையார் யாரும் கொடுக்கலாம் என்று அவரே எனக்குச் சொல்லித் தந்ததுதான்.

கொடுத்துவிட்டேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே, மூன்று தரம். உன்னைக் கேட்டிருந்தால் நீ ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அப்பாவின் வேதப் புத்தகத்துப் பின்னட்டையில் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் நீ வந்து கஞ்சி கொடுத்தாய். அப்பா வாய் திறந்தது அதற்கப்புறம்தான். அந்தப் பயம் அடங்கின பிறகுதான் அவரால் உன்னைப் பார்க்க முடிந்தது. மூன்று வாரத்தில் அவரும் போய்விட்டார்.

பிள்ளை போன செய்தி வந்தபோது அழுகைக்கு நடுவே எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. உனக்கும் அது ஆறுதலாகும் என்று நினைத்தேன். வேலிக்கு வெளியே இல்லை நம் பிள்ளை. அந்தக் கட்டத்தில் தேதியைப் போடச் சொல்.

உன் அண்ணிக்கும் இப்போதுதான் சொன்னேன். இரண்டு நாளாகச் சாப்பாடு வருகிறது, பேச்சு வரவில்லை.

ஏசடியான்


மனிடோபா
31 மார்ச் 2025

அண்ணனுக்கு,

பீட்டரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "அது ஞானஸ்நானம் இல்லை. பிள்ளை தலையில் தண்ணீர் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்" என்றார். தொழுவத்துக்குப் போய்விட்டார். எங்கள் விசுவாசப்படி அது சரிதான். ஆகவே கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.

ஆனால் நீங்கள் திருடினீர்கள். என் பிள்ளையை உங்களிடம் நம்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். ஒன்பது வருடம் வாட்ஸ்அப்பில் அவள் பிறந்தநாளுக்கெல்லாம் பாட்டுப் பாடி அனுப்பினீர்கள், அப்போதெல்லாம் இது உங்கள் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. அவள் "எப்ப எனக்கு?" என்று கேட்டபோது நான் பொறு என்றேன், அங்கே நீங்கள் தேதி போட்டு வைத்திருக்கிறீர்கள். எங்கள் இரண்டு பேரையும் முட்டாளாக்கிவிட்டீர்கள்.

அந்தக் கஞ்சியையும் எடுத்துக்கொண்டீர்கள். அதைச் சொல்லியே ஆக வேண்டுமா? தேதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாமே. அப்பா என்னை மன்னிக்கவில்லை, பிள்ளையை வாங்கிக்கொண்டு சமாதானமானார் என்று நான் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறேன்?

ஐந்நூறு வருடத்துக்கு முன்பு, இரண்டாம் தரம் ஞானஸ்நானம் வாங்கிய குற்றத்துக்காக இவர்களுடைய முன்னோர்களை ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள். அந்தத் துன்புறுத்தலில் நம் லூத்தரன் முன்னோர்களுக்கும் பங்குண்டு. பதினைந்து வருடம் முன்னால் உலக லூத்தரன் சபைகள் கூடி மென்னோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டன. இவர்களும் மன்னித்தார்கள். அனெட்டா அத்தை அதைச் சொல்லி, நானும் உங்களை மன்னிக்க வேண்டும் என்கிறார். எனக்கு வரவில்லை. கோபம்கூடச் சரியாக வரவில்லை. ஒரு கல்லை முழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இனி எழுத வேண்டாம்.

பிரின்ஸி


ஆலங்குறிச்சி
18 ஏப்ரல் 2025, பெரிய வெள்ளி

பிரின்ஸிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரே ஒரு தரம் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஞானஸ்நானம் கொடுத்ததற்கு என்னால் மன்னிப்புக் கேட்க முடியாது. மறுபடி அந்தக் கட்டில் முன்னால் நின்றாலும் அதைத்தான் செய்வேன். பொய் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்க எனக்கு ஆசையில்லை. மறைத்ததற்குக் கேட்கிறேன். அவள் உன்னிடம் கேட்ட அன்றைக்கு நீ தெரிந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். அதை நான் கெடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

கஞ்சி விஷயத்தில் தப்பு செய்துவிட்டேன். மத்தியானம் அது நடந்தது, சாயங்காலம் இது நடந்தது. இதனால்தான் அது என்று இரண்டையும் முடிச்சுப் போட்டது நான். அப்பா என்னிடம் அப்படிச் சொல்லவில்லை, சொல்ல அவருக்கு நாக்கும் இல்லை. எட்டு நாள் சுவரைப் பார்த்தவருக்கு ஒன்பதாம் நாள் மகளைப் பார்க்கத் தோன்றியிருக்கலாம். அவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினேன்.

அண்ணி என்னைத் திட்டித் தீர்த்தாள். "உங்க அப்பாவுக்கு ஒரு பயம், உங்களுக்கு ஒரு பயம், நடுவுல அந்தப் புள்ள கெடச்சுதா?"ன்னு கேட்டாள்.

புத்தகத்தில் உன் இஷ்டப்படி எழுது.

ஏசடியான்


மனிடோபா
7 மே 2025

அண்ணனுக்கு,

நான்தான் எழுத வேண்டாம் என்றேன், நானே எழுதுகிறேன்.

அனெட்டா அத்தையின் வீட்டில் உட்கார்ந்து பழைய பதிப்பைப் புரட்டினேன். அதில் ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். கப்பலில் இரண்டு பேர், தொண்டை அடைப்பானில் ஒரே மாதத்தில் நான்கு பேர். யாருக்கும் அங்கே கோடுகூடப் போடவில்லை, வெறுமனே விட்டிருக்கிறார்கள். லேனாவுக்கும் அப்படியே விடச் சொல்லிவிட்டேன். தேதி போட மாட்டேன். அந்த முடிவு மாறாது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதவும் என்னால் ஆகாது, கை பொய் சொல்லாது.

ஆனால் இரண்டு வாரமாக ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய ஒன்பது வருடம் பதினொரு மாதமும் என்னிடம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். போட்டோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எதுவும் புதிதாக இல்லை, எதுவும் அசையவில்லை. இப்போது பார்த்தால் ஒரு மத்தியானம் என்னிடம் இல்லை. நான் பஸ்ஸில் இருந்திருக்கிறேன். அது உங்களிடம் இருக்கிறது. ஜெப வார்த்தைகளை எழுதினீர்கள், தேதியை எழுதினீர்கள், அப்பாவை எழுதினீர்கள். அவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

தண்ணீர் குளிர்ந்து இருந்ததா? அழுதாளா? என்ன சட்டை போட்டிருந்தாள்? நான் வருகிற வரைக்கும் என்ன செய்தாள்? எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், வேத வசனம் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். இதை எழுதும்போது அழுகிறேன். அடக்கத்தன்றுகூட அழவில்லை, இன்றைக்கு உங்களிடம் பிச்சை கேட்டு அழுகிறேன்.

பிரின்ஸி


ஆலங்குறிச்சி
26 மே 2025

பிரின்ஸிக்கு,

தெரிந்ததை எழுதுகிறேன். சில இடத்தில் ஞாபகம் இல்லை, அதை இட்டுக்கட்ட மாட்டேன்.

சட்டை நிறம் ஞாபகம் இல்லை. அண்ணியைக் கேட்டேன், காய்ச்சலுக்காக நீயே கழற்றிவிட்டு நாப்கினோடு விட்டுப் போனாய் என்கிறாள். தண்ணீர் பானைத் தண்ணீர் இல்லை, செம்பை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தேன், பிள்ளைக்குச் சுருக்கென்று இருக்கக் கூடாதே என்று. முதல் தரம் ஊற்றியபோது கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினாள். மூக்கு வழியாக வந்ததை நக்கினாள். இரண்டாம் தரம் செம்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். ஒரு கையில் அவளையும் ஒரு கையில் செம்பையும் வைத்துக்கொண்டு எனக்குத் திண்டாட்டம். மூன்றாம் தரம் பாதி என் சட்டையில்தான் போயிற்று. தும்மினாள். அழவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். தலைக்கு அவர் கை எட்டவில்லை. பாதத்தைப் பிடித்தார். அவள் உதைத்தாள், அவர் பிடித்தார், மறுபடி உதைத்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. எத்தனை தரம் என்று தெரியாது, கொஞ்ச நேரம் நடந்தது.

பிறகு துண்டால் துவட்டிவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டில் வரைக்கும் நடந்தேன். மாட்டைப் பார்த்து "ம்" என்றாள். மாடு திரும்பிப் பார்த்ததும் என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அனலாக இருந்தது. திரும்பவும் எட்டிப் பார்த்தாள். நாலைந்து தரம் கொட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன், அதற்குள் மூச்சு மாறிவிட்டது, தூங்கிப்போனாள். கீழே போட மனசு வரவில்லை. ஒரு மணி நேரம் இருக்கும், அப்படியே நின்றுகொண்டிருந்தேன். கை மரத்துப்போயிற்று.

தூக்கத்திலேயே என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள். நீ மருந்துப் பையோடு வாசலில் வந்து நின்று, "குடுங்கண்ணே" என்று கையை நீட்டினாய். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டு, உன்னிடம் கொடுத்தேன்.

ஏசடியான்